தராசுக்காரர் வீட்டுத் தராசு

லிஃப்டுக்காக நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்றவர், என் கையிலிருந்த காய்கறிப் பையை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொள்கிறார். உதவிக்குத்தான் வாங்குகிறார் என்று நினைத்து முதல் தடவை நன்றிகூடச் சொன்னேன். பையை இரண்டு தரம் மேலும் கீழும் அசைக்கிறார். கண்ணை மூடுகிறார். "மூணு கிலோவா வாங்கினீங்க?" ஆமாம் என்கிறேன். "ரெண்டே முக்காதான் இருக்கு. கால் கிலோவ முழுங்கிட்டான் சார்." பை உடனே என் கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பெயர் தராசுக்காரர். மூன்றாம் மாடியில் எங்களுக்கு எதிர்வீடு. கீழ்த்தளத்தில் சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி நீளமாக ஓர் அறை இருக்கிறது, அதுதான் பட்டறை. கடைத் தராசு, மருந்துக்கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டித் தராசு, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைப் படுக்கவைக்கும் தொட்டித் தராசு, எல்லாம் அவரிடம் வந்துதான் புத்தி தெளிந்து போகும். ஆள் பெரிய உடம்புக்காரர். விரல்கள் மட்டும் மெல்லியவை, யாரிடமோ இரவல் வாங்கியது போல. மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கும். சட்டையின் கடைசிப் பொத்தான் போட்டு நான் பார்த்ததில்லை. அது போடாததா, போட முடியாததா என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை.

மனிதர்களின் எடையை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது அவர் வைத்திருக்கும் மரியாதை. ஆனால் லிஃப்டுக்குள் 'நானூற்று ஐம்பது கிலோ' என்று ஒரு தகடு அடித்திருக்கிறது. ஐந்து பேர் ஏறிய பிறகு ஆறாவது ஆள் காலை வைத்தால், இவர் எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பார். உதடு அசையும். "நீங்க அடுத்த தடவ வாங்களேன்" என்பார், மிகுந்த பணிவோடு. ஒரு முறை இப்படிச் சொன்னது கட்டடச் சொந்தக்காரரின் மைத்துனியிடம். அந்த அம்மாள் ஒரு மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தொழிலில் படு கறார். கறிக்கடைக்காரர் ஒருவர், தராசு ஐம்பது கிராம் கூடுதலாகக் காட்டும்படி 'சின்னதா ஒரு உதவி' கேட்டாராம். இவர் தராசை வாங்கினார், ஒரு கிராம் பிசகாமல் சரி செய்தார், கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை. பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டுமானாலும் சுற்றித்தான் போகிறார். "மெஷினுக்கு முகம் பாக்கத் தெரியாது சார். அதனாலதான் நாம அத நம்பறோம்." இதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு சுருதி ஏறும். நானும் தலையாட்டிவைப்பேன்.

வேலை முடிந்து பட்டறையைப் பூட்டிவிட்டு லிஃப்டில் ஏறும்போது அவர் கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். க்ரீம் பன். "வெறுங்கையோட போனா பாப்பா முகம் வாடிடும்" என்பார். பாப்பா அவருடைய ஒரே மகள். ஒன்பது வயது. எட்டு வருடம் காத்திருந்து பிறந்தவள், அதுவும் மாதம் நிறையாமல். ஒரு கிலோ எழுநூறு கிராம். அந்த ஆஸ்பத்திரியின் தொட்டித் தராசை அதற்கு முந்தின மாதம்தான் இவரே பழுது பார்த்துக் கொடுத்திருந்தார். ஆகவே மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் அவருக்கு வழியில்லாமல் போயிற்று. ஆறு வாரம் தினமும் போய் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாராம். முப்பது கிராம் ஏறினால் அழுவார், ஏறாவிட்டாலும் அழுவார் என்று அவர் மனைவி சொல்வார்.

குழந்தை தேறிவிட்டது. இவர் தேறவில்லை. பாப்பா வீட்டுப்பாடத்தை ஒழுங்காக எழுதினால் கேக். எழுத மாட்டேன் என்று அழுதால், அழுகையை நிறுத்த மிட்டாய். மழை பெய்தால் உருளைக்கிழங்கு வறுவல். தாகம் என்றால் கலர் கலராகப் பாட்டில். டி.வி. பார்த்துக்கொண்டிருப்பவளின் வாய்க்கு நேரே இவர் கரண்டியை நீட்டுவார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பாள். "போதும்ப்பா" என்றால் "அப்பாவுக்காக ஒரு வாய்". பிறகு அம்மாவுக்காக ஒரு வாய். அதற்குப் பிறகு எதிர்வீட்டு மாமாவுக்காக ஒரு வாய். என் பெயரைச் சொல்லி அந்தக் குழந்தைக்குள் போனது எத்தனை வாய் என்று எனக்கே தெரியாது.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் பாப்பா கதவைத் தட்டினால் ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டுவேன். அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள். அவள் அடுத்த நாளும் வரவேண்டும் என்பதுதான் என் கணக்கு.

அவர்கள் வீட்டுக் குளியலறை வாசலில் ஓர் எடை மெஷின் கிடக்கும். குழாய் ரிப்பேருக்கு ஆள் சொல்லப் போன ஒரு நாள், நானும் அதில் ஏறி நின்றேன். எழுபது. வழக்கமாக எழுபத்தெட்டு. புதிதாக ஆரம்பித்திருந்த காலை நடைதான் காரணம் என்று முடிவுகட்டி, என் மனைவியிடம் பீற்றிக்கொண்டு, அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டு கரண்டி கூடுதலாகவே போட்டுக்கொண்டேன். தராசுக்காரர் வீட்டுத் தராசு. அதைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

குட்டு வெளிப்பட்டது பாப்பாவின் பள்ளிக்கூடத்தால். வருடத்துக்கு ஒரு தடவை அங்கே பிள்ளைகளை நிறுத்து, அளந்து, ஓர் அட்டையில் எழுதி அனுப்புவார்கள். அட்டையில் பாப்பாவின் எடை நாற்பத்தைந்து. வீட்டு மெஷினில் நாற்பதரை. ரத்த அழுத்தம் வயதுக்கு மேல், பெற்றோர் வந்து நர்ஸைப் பார்க்கவும் என்று கீழே எழுதியிருந்தது. அவர் மனைவி சலவை நிலையத்தில் இஸ்திரி மேஜைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அட்டையைப் பார்த்துவிட்டு, "பாவம், அவங்க மெஷின் ரிப்பேர் போல இருக்கு. நீங்க ஒரு எட்டு போய் சரி பண்ணிக் குடுத்துட்டு வாங்களேன்" என்றார். புருஷன் பதில் சொல்லவில்லை. பதில் வராததுதான் அந்த அம்மாளுக்கு உறுத்தியது. நேரே தெருமுனை மருந்துக்கடைக்குப் போய் அங்கிருந்த மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்றைக்கு எங்கள் வாசல் கதவு திறந்திருந்தது. நாங்கள்தான் திறந்து வைத்தோம் என்பதை மறைப்பானேன்.

"ஏங்க, ஏழு கிலோ எளச்சுட்டேன்னு நான் வேலை செய்யற இடம் பூரா சொல்லிட்டு வந்திருக்கேன்! என்ன பண்ணி வச்சிருக்கீங்க அந்த மெஷின?"

 பிறகு அவர் குரல் வந்தது. கறிக்கடைக் கதை சொல்லும்போது வரும் குரல் இல்லை.

"பத்துக்கு ஒண்ணு கொறச்சுக் காட்டற மாதிரி வச்சேன்."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. அவ அதுல ஏறி நின்னு அழுதா. கிளாஸ்ல யாரோ ஏதோ சொல்லிட்டாங்களாம். எறங்காமலே நின்னு அழுதா. நான் என்ன பண்றது சொல்லு? எனக்குத் தெரிஞ்ச வேலைய பண்ணேன்."

"ஊருக்கெல்லாம் ஒரு கிராம் தப்பக்கூடாது. வீட்டுல இப்படியா?"

"கொழந்தைய மாத்த எனக்குத் தெரியல. மெஷின மாத்தத் தெரியும்."

அதற்கு அந்த அம்மாள் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. "உங்களுக்கு முப்பத்தாறு வயசுல சக்கரை வந்துது" என்றார் மெதுவாக. "அவளுக்குத் தெரியக்கூடாதுன்னு மாத்திரைய ஒளிச்சு முழுங்கறீங்க. அவ பதினாறு வயசுல முழுங்கணுமா? ஒரு மாடி ஏறினா நெஞ்சப் பிடிச்சுட்டு நிக்கறா. கீழ பசங்களோட விளையாடப் போறதே இல்ல. அதயும் திருகித் திருகிச் சரி பண்ணிடுவீங்களா?"

 இந்தப் பக்கம் என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மறுபடியும் எழுபத்தெட்டு கிலோவாகிவிட்டேன்.

செய்த தப்பை உணர்ந்த மனிதன் அடுத்த தப்பை எவ்வளவு ஒழுங்காகச் செய்வான் என்பதை அதற்குப் பிறகு ஒரு மாதம் பார்த்தேன். மறுநாளே வீட்டு மெஷினைச் சரி செய்துவிட்டார். அது நல்லது. ஆனால் நர்ஸைப் பார்க்கப் போகவில்லை. "அவங்க கிட்ட போய் என்னத்த கேக்கறது சார்? எடைங்கறது என் டிபார்ட்மென்ட்." பட்டறையிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டித் தராசைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். பாப்பாவின் தட்டுக்குப் போகும் எதுவும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டுத்தான் போகும். ரொட்டி நாற்பது கிராம். முட்டை, ஓட்டைக் கழித்து, ஐம்பது. வேகவைத்த பட்டாணி அறுபது; அதில் ஒன்று கூடிவிட்டால் எடைக்கல் எடுக்கும் இடுக்கியால் அந்த ஒன்றை எடுத்துவிடுவார். அதைக் கண்ணால் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பாப்பா கையைக் கட்டிக்கொண்டு தட்டு வரும்வரை உட்கார்ந்திருப்பாள். நிறுவை அவளுக்கு மட்டும்தான். அப்பா, அம்மா தட்டுகள் பழையபடியே நிரம்பின. பாப்பாவின் க்ரீம் பன் நின்றது. அவருடையது நிற்கவில்லை, இடம் மட்டும் மாறியது. பட்டறை மேஜையின் இழுப்பறைக்குள் மூன்று, நான்கு வாங்கி வைத்துக்கொண்டு வேலைக்கு நடுவே சாப்பிட்டார். "என் ஒடம்பு பழகிப் போச்சு சார். அவ வளர்ற கொழந்த, இப்பவே வளைச்சாகணும்." வாயோரத்து க்ரீமைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

நான் என்ன செய்தேன்? பட்டாணிக்கு இடுக்கி போடுகிறாரே பாவி மனுஷன் என்று பரிதாபப்பட்டு, ஒரு பாக்கெட் கொடுத்த இடத்தில் இரண்டாகக் கொடுத்தேன். அவள் எங்கள் வீட்டில் பிரிப்பதை நிறுத்தியிருந்தாள். "அப்புறமா சாப்பிடறேன் மாமா" என்று பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். கதை சொல்வதும் குறைந்தது. நான் அதைப் பரீட்சைக் காலம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மெஷினில் ஏற்றினார். முதல் வாரம் அரைக் கிலோ இறங்கியது. கட்டடம் முழுக்கச் சொன்னார். இரண்டாம் வாரம் அப்படியே நின்றது. மூன்றாம் வாரம் ஏறியது. நான்காம் வாரமும் ஏறியது. அவர் குழந்தையைச் சந்தேகப்படவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மெஷினைச் சந்தேகப்பட்டார். இருபது கிலோ எடைக்கற்களை வைத்து மூன்று தடவை சோதித்தார். "மெஷின் சரி. சாப்பாடு சரி, நிறுத்துப் போட்டதே நான். அப்ப எங்க சார் தப்பு?" உண்மையிலேயே என்னிடம் கேட்டார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

வெங்காய மண்டிக்காரர் ஒருவரின் மேடைத் தராசு மூன்று வாரம் பட்டறையில் கிடந்து, பழுது நீங்கித் திரும்பிப் போயிருந்தது. மறுநாளே தள்ளுவண்டியில் திரும்பி வந்தது. நான் அப்போது அங்கேதான் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தேன். "முள்ளு நடுவுலயே ஒட்டிக்குது. என்ன பண்ணிக் குடுத்தீங்க?" என்றார் மண்டிக்காரர். தராசுக்காரர் கையிலிருந்து போன ஒரு தராசு ஒட்டிக்கொள்வதாவது! முகத்தில் ஈயாடாமல் அதைப் பக்கவாட்டில் சாய்த்து, அடித்தகட்டைக் கழற்றினார்.

உள்ளே, கம்பிகளுக்கும் வில்லுக்கும் நடுவே, காகிதங்கள் செருகியிருந்தன. எட்டாக மடித்து, விரல்நகத்தால் தேய்த்து, பட்டையாக்கிய காகிதங்கள். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். பதினான்கு. ஒன்றைப் பிரித்தார். க்ரீம் பன் சுற்றி வரும் காகிதம். இன்னொன்றைப் பிரித்தார். பிஸ்கட் பாக்கெட்.

"எலி வேலையா?" என்றார் மண்டிக்காரர்.

"ஆமா" என்றார் இவர். "எலிதான். நீங்க போங்க, நாளைக்கு நானே கொண்டாந்து மாட்டித் தரேன்."

மண்டிக்காரர் போகும்வரை நிமிரவில்லை. போன பிறகு எடைக்கல் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "எலி இப்படி மடிக்குமா சார்?" என்றார். "சத்தம் வரக்கூடாதுன்னு மடிச்சிருக்கா. நான் சாப்பிடப் போற நேரம் பாத்து இங்க வந்து, இந்த மூலைல உக்காந்து, தனியா..."  சட்டைத் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு குலுங்கியது. "இது என் பன்னு. அவளுக்குப் பட்டாணிய எண்ணிப் போட்டுட்டு, நான் திங்கறதுக்கு வாங்கி வச்சது. எங்கிட்ட கேக்க பயந்து எடுத்திருக்கா. என் பொண்ணுக்கு எங்கிட்ட பயம் சார்."

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"பொறந்தப்ப ஒவ்வொரு கிராமுக்கும் கை தட்டினோம்" என்றார். "எப்ப நிறுத்தணும்னு எனக்கு யாரும் சொல்லல."

பதினான்கில் ஐந்து எங்கள் வீட்டு பிஸ்கட் காகிதம். அதைச் சொல்ல வாயெடுத்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுநாள் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பாப்பாவை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷனும் மனைவியும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளி நர்ஸைப் பார்க்கப் போனார்கள். இவர் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துப் போயிருந்தார். நர்ஸ் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன் மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டாராம். திருப்பித் தரவேயில்லை.

"என்ன வாங்கறது, என்ன சமைக்கறது, எத்தன மணிக்குச் சாப்பிடறது, இது மூணும் உங்க வேலை" என்றாராம். "எவ்வளவு சாப்பிடறதுங்கறது அவ வேலை. அவ வேலைய நீங்க பிடுங்காதீங்க."

"தோராயமா எத்தன கிராம்னு மட்டும்..." என்று இவர் இழுத்திருக்கிறார்.

"அவ வயித்துக்குள்ளயே ஒரு மெஷின் இருக்கு சார். போதும்னு அது சொன்னப்ப எல்லாம் நீங்க இன்னொரு வாய் ஊட்டினீங்க. இப்ப பசிக்குதுன்னு சொன்னா இடுக்கிய எடுக்கறீங்க. அது கொழம்பிப் போய் கெடக்கு. நீங்க கைய எடுத்தாதான் சரியாகும்."

தன் தொழிலில் வேறொருவர் வந்து பழுது சொல்லிவிட்டுப் போனது போல இருந்தது அவருக்கு. ஆனாலும் கேட்டுக்கொண்டார். அவளுக்கென்று தனிச் சட்டம் வேண்டாம், வீட்டுக்கே ஒரே சாப்பாடு. அவள் காதுபட அவள் உடம்பைப் பற்றிப் பேச்சு வேண்டாம். இளைக்க வைக்க வேண்டாம், வளர்கிற பெண், எடை ஏறாமல் நின்றால் உயரம் வந்து சேர்ந்துகொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தன்னிடம் கூட்டி வந்தால் போதும். இதையெல்லாம் லிஃப்டு வாசலில் நின்று என்னிடம் ஒப்பித்தார். லிஃப்டு இரண்டு தடவை வந்து காத்திருந்துவிட்டுப் போயிற்று.

எடை மெஷின் பட்டறைப் பரணுக்குப் போனது, கண்ணாடிப் பெட்டித் தராசு மருந்துக்கடைக்கு. கலர் பாட்டில்களை வாங்குவதே நின்றது. வாங்காததைக் குடிக்க முடியாது என்று அந்த அம்மாள் கண்டுபிடித்தார். மேஜையில் ஒரு ஜாடித் தண்ணீர் உட்கார்ந்தது. ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு. சாப்பிடும் நேரத்தில் டி.வி. கிடையாது என்றதும், முதல் வாரம் மூன்று பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் இவர் நெம்புகோல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் பாப்பாவே பள்ளிக்கூடத்துக் கதையைத் தொடங்கிவிட்டாள், நெம்புகோலை நிறுத்துவதற்காக இருக்கலாம்.

க்ரீம் பன் விஷயத்தில் அவர் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. நாலாம் நாள் தலைவலி. ஆறாம் நாள் காலி இழுப்பறையைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தவரை நான் கையும் களவுமாகப் பிடித்தேன். "பழக்க தோஷம் சார்" என்று அசடு வழிந்தார். பதினோராம் நாள் ஒன்று வாங்கித் தின்றுவிட்டு, வீட்டில் போய்ச் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். பாப்பா, "பரவால்லப்பா, நாளைக்கு சாப்பிடாதீங்க" என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

முன்பெல்லாம் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவந்த சின்னத் தராசுகளை இப்போது சாயங்காலம் நடந்து போய்க் கொடுக்கிறார். பாப்பா கூடப் போகிறாள், எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. முதலில் தெருமுனைவரை. இப்போது ரயில்வே கேட்டைத் தாண்டி. இடையில் மூச்சு வாங்க நிற்பது இரண்டு பேரும்தான். யார் முதலில் நின்றது என்பதில் சண்டை வருகிறது. திரும்பி வந்து ஒரு மாடி நடந்து, பிறகு லிஃப்டு. அந்த ஒரு மாடி இரண்டு மாடியாகியிருக்கிறது.

எங்கள் பிஸ்கட் டப்பாவில் என் மனைவி ஆரஞ்சுப் பழங்களை நிரப்பிவிட்டாள், எனக்கும் சேர்த்துத்தான். ஆரஞ்சுக்கெல்லாம் குழந்தை வருமா என்று உள்ளூர பயந்தேன். வந்தாள். ஒன்றை உரித்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பாதியைத் தின்று முடித்து, இன்னொன்றுக்கும் கையை நீட்டினேன். சொல்ல என்ன வெட்கம்?

இத்தனைக்குப் பிறகும் அவர் முகம் தெளியவில்லை. போன மாதம் நர்ஸ் பார்த்தபோது எடை ஏறவில்லை, உயரம் ஒரு விரற்கடை கூடியிருக்கிறது, ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது. "அதெல்லாம் சரி சார்" என்றார். "ஆனா அவ கேக்க மாட்டேங்கறா. முதல்ல என்ன எடுத்துக்கறாளோ அதோட சரி. எடுக்கறப்பவும் என் கையப் பாத்துட்டுதான் எடுக்கறா. இடுக்கி இல்லாம சும்மா இருக்கற கையதான் பாக்கறா. வாயத் திறந்து இன்னும் வேணும்னு கேக்கற பொண்ணுன்னா எனக்குப் பயமில்ல. கேக்காதவதான் ஒளிப்பா." பட்டறையில் இருந்த ஒவ்வொரு தராசின் அடித்தகட்டையும் கழற்றிப் பார்த்துவிட்டாராம். ஒன்றிலும் ஒன்றுமில்லை. "அப்படித் தேடறேன் பாருங்க, அதுவே அசிங்கமா இருக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை எங்களை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து பேர், ஒரு மேஜை. நடுவில் பெரிய பாத்திரத்தில் கோழியும் காயும் போட்ட சூப்பு, ஒரு தட்டில் ரொட்டி, ஒரு கிண்ணத்தில் பீன்ஸ். தராசுக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரிமாறிப் பழகிய கை சொன்னபடி கேட்காது என்பதால் இந்த ஏற்பாடு என்று அவர் மனைவி விளக்கினார். பாப்பா ஓட்டப்பந்தயத்தில் ஒன்பது பேரில் ஆறாவதாக வந்த கதையைச் சொன்னாள். போன வருடம் அவள் ஓடவே இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏழாவதாக வந்தவன் செருப்பு அறுந்துவிட்டது என்று சாக்குச் சொன்னதை நடித்துக் காட்டினாள். நன்றாகச் சிரித்தோம்.

சிரித்து முடித்தபோது அவள் கிண்ணம் காலியாக இருந்தது. பாத்திரத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் பார்த்தாள். கைகள்தான் கண்ணுக்குத் தெரியவில்லையே; முகத்தைப் பார்த்தாள். என் மனைவி பீன்ஸ் விலையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"அப்பா" என்றாள் பாப்பா. "எனக்கு இன்னும் பசிக்குது. இன்னும் கொஞ்சம் சூப்பு வேணும்."

அந்த அம்மாள் கையில் இருந்த ரொட்டி பாதியில் நின்றது. தராசுக்காரரின் கைகள் வெளியே வந்தன. எங்கே அள்ளி ஊற்றிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் எழுந்து, இரண்டு கைகளாலும் பாத்திரத்தைப் பிடித்து, மகளுக்கு எட்டுகிற தூரத்துக்கு நகர்த்தினார். உள்ளே கிடந்த கரண்டியின் காம்பை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு உட்கார்ந்து, தன் கிண்ணத்தின் மேல் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எடுத்து முடிக்கும்வரை நிமிரவில்லை.